எலி ஏன் வந்தது

அவர் வண்டியைப் பார்க்கமாட்டார். வண்டிக்காரரைத்தான் பார்ப்பார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், ஒரு ரைஸ் மில்லுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருந்தது அவருடைய தகரக் கொட்டகை. வாசலில் ஒரு முக்காலி. காரில் கோளாறு என்று போகிறவர் முதலில் அதில் உட்கார வேண்டும். எதிரில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அவர் உட்காருவார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் காது உடைந்துபோய், அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியை வளைத்து மாட்டியிருப்பார். பானெட்டைத் திறக்கும் பேச்சே இருக்காது.

"கடசியா இந்த வண்டிய யாரு ஓட்னது?"

"நான்தான்."

"எங்கேந்து எங்க?"

"மறைமலைநகர்லேர்ந்து வீட்டுக்கு."

"நேரா வூட்டுக்கா?"

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் எச்சில் விழுங்குவார்கள். அவர் அவசரப்படமாட்டார். அழுக்குத் துணியால் கையைத் துடைத்தபடி காத்திருப்பார். உண்மை வரும்வரை ஒரு ஆணியைக்கூடத் திருப்பமாட்டார். ஊரில் அவருக்கு 'வாக்குமூலம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "வண்டி எங்கே?" என்று கேட்டால், "வாக்குமூலத்துக்கிட்ட வுட்டுகீறேன்" என்பார்கள். அவருடைய நிஜப்பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து ரைஸ் மில்லிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள்.

"வண்டி பொய் சொல்லாது சார். அதுக்கு இன்னா லாபம்?" என்பார். "மனுஷன்தான் வூட்டுக்கு ஒண்ணு சொல்லுவான், ஆபீசுக்கு ஒண்ணு சொல்லுவான், மெக்கானிக்குக்கு ஒண்ணு சொல்லுவான். மூணையும் தாங்கிகினு ஓட்றது வண்டிதான்."

இதில் இன்னொரு பாதி இருந்தது. அவருக்கும் பொய் சொல்ல வராது. கொள்கை, கட்டுப்பாடு என்றெல்லாம் எதுவும் இல்லை. வராது, அவ்வளவுதான். சிலருக்கு நீச்சல் வராதில்லையா, அந்த மாதிரி. ஒருவர் தன் பழைய காரை விற்பதற்காக வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு அவரிடமே வந்தார். "அண்ணாத்த, நம்ம வண்டி எப்படின்னு சார்கிட்ட நீயே சொல்லு" என்றார் பெருமையாக. இவர் வாங்குகிறவரைப் பரிதாபமாகப் பார்த்து, "வேணாம் சார்" என்றார். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். "சமைக்கும். சாப்ட முடியாது" என்றாராம் இவர். அந்த இடம் தட்டிப்போனது. அடுத்ததாக வந்தவன் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அவனிடமும் அதையே சொன்னார். அவன், "பரவால்ல மாமா, நான் ஆக்கிப் போட்டுக்கறேன்" என்றான். கல்யாணம் நடந்தது.

நான் அவரிடம் போக ஆரம்பித்தது ஒரு விளக்கினால். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். கூடவே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கும் வந்தது. அதிலிருக்கும் படம் என்ஜினாம். எனக்கு அது தெருக்குழாய் மாதிரித் தெரியும். என் மனைவிக்குத் தையல் மெஷின். என் மாமனாருக்கு ஹெலிகாப்டர். அந்த விளக்கு நின்று எரிந்தால் ஒரு அர்த்தம், விட்டுவிட்டு மின்னினால் வேறு அர்த்தம் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் புரியவைத்தவர் அவர்தான்.

"சும்மா எரிஞ்சுகினு இருந்தா வூடு வரிக்கும் மெதுவா ஓட்டிகினு போ, அப்பால பாத்துக்கலாம். கண்ணடிச்சா மட்டும் ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடு. நாலு சிலிண்டர்ல ஒண்ணுல நெருப்பு புடிக்கலன்னு அர்த்தம். எரியாத பெட்ரோலு அப்டியே சைலன்சர் பக்கம் போவும். அங்க தேன்கூடு மாதிரி ஒரு கல்லு கீது. அது பழுத்து உருகிடும். அத்தோட வெலைய இப்ப சொன்னேன்னு வையி, உனுக்குக் கண்ணு அடிச்சிக்கும்."

ஒருமுறை ஏழு பேர் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். விளக்கு கண்ணடிக்கிறது. ஆனால் எப்போதும் இல்லை, குடும்பத்தோடு போகும்போது மட்டும். தனியாக ஓட்டினால் ஒன்றுமில்லை. வேறு இரண்டு இடங்களில் பிளக்கெல்லாம் மாற்றிவிட்டார்கள், சரியாகவில்லை. அவர் எல்லோரையும் மறுபடி காருக்குள் ஏறச் சொன்னார். "எப்பவும் எப்டி குந்துவீங்களோ அப்டியே குந்துங்க" என்றார். ஏறினார்கள். கார் மண்டபத்து வாசல்வரை போய்த் திரும்பியது. விளக்கு கண்ணடிக்கவில்லை.

"எல்லாரும் வந்துட்டீங்களா?"

"பெரிய மாமா மட்டும் வரல. ஊருக்குப் போயிருக்கார்."

"அவுரு எங்க குந்துவாரு?"

"முன்சீட்ல. டிரைவர் பக்கத்துல."

அவர் ரைஸ் மில்லிலிருந்து இரண்டு தவிட்டு மூட்டைகளை வரவழைத்தார். முன்சீட்டில் இருந்த பெண்ணை இறக்கிவிட்டு, மூட்டைகளை மாமாவாக உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டார். கார் மறுபடி போனது. அப்போதும் கண்ணடிக்கவில்லை. பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மாமா கால நீட்டுவாரா?"

எல்லோரும் ஒரே குரலில், "நீட்டுவார்" என்றார்கள். மாமா ஆறடி உயரமாம்.

அவரே தவிட்டு மூட்டைகளை இறக்கிவிட்டு முன்சீட்டில் ஏறிக் காலை நீட்டி உதைத்தார். என்ஜின் திக்கியது, விளக்கு மின்னியது. கம்ப்யூட்டர் பெட்டி முன்சீட்டுக்காரரின் கால் பக்கத்தில் இருந்தது. அதற்குப் போகும் ஒயர்க் கொத்து தளர்ந்துபோயிருந்தது. அதை அழுத்தி மாட்டி, ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கினார். இரண்டு நிமிட வேலை. "மாமாவ பின்சீட்ல போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இன்னொரு முறை ஆயுத பூஜைக்கு மறுநாள். ஒரு போலீஸ் அதிகாரி முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் அந்த அதிகாரியைக் கண்டால் பஸ்கூட ஒழுங்காக நிற்கும்.

"என்ஜின்ல தண்ணி ஊத்னீங்களா சார்?"

"இல்ல. துணியால துடைச்சோம்."

"ஊத்னீங்களா?"

"யோவ், இல்லன்னு சொல்றேன்ல!"

அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "டிரைவர் ஊத்தினான்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் ஹோஸ் புடிச்சேன்" என்றார். அதன்பிறகுதான் பானெட் திறந்தது. பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் சந்தன வாசனை வந்தது.

பிற்பாடு அவரும் ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைச் சொருகினால் எந்த சிலிண்டரில் கோளாறு என்று எண்ணாகக் காட்டும். அதன்மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "எதுன்னு சொல்லும் சார். ஏன்னு சொல்லாது. ஏன்னு மனுஷன்தான் சொல்லணும்."

இனி என் மாமனார் விஷயம்.

அவர் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டிலேயே சொந்த வீடு. நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம். நான் கடற்கரைப் பக்கம் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய்வருவேன். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மாமனாருக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன நிமிடத்தில் மாமியார் ஒரு வேண்டுதல் வைத்தார். இவர் உயிரோடு வீடு திரும்பினால் இருவரும் இனி வாழ்நாளில் கவிச்சி தொடுவதில்லை. மாமியார் நாகப்பட்டினத்துப் பெண். மீன் இல்லாத சோற்றை அவர் ஜுரக்காரர் சாப்பாடு என்பார். அவருக்கு இது சின்ன விஷயமில்லை. மாமனார் நடந்தே வீடு வந்தார். மறுநாள் மீன் சட்டிகள் எல்லாம் வேலைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போயின.

அதிலிருந்து மாமனாருக்கு பக்தி அதிகமானது. சனிக்கிழமை தவறாமல் காலையில் காரை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் மலைக்குப் போவார். மத்தியானத்துக்கு மேல் வருவார். முகத்தில் அப்படியொரு திருப்தி இருக்கும். "படியேறி சாமி பாத்துட்டு வந்தா இவர் முகத்துல என்ன ஒரு களை பாரு" என்று மாமியார் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு எனக்கு போன் வந்தது.

"மாப்ள, ஹெலிகாப்டர் கண்ணடிக்குது."

"எங்க மாமா இருக்கீங்க?"

"ஓரமா நிறுத்திட்டேன். நம்ம ஆள் சொன்ன மாதிரியே ஆஃப் பண்ணிட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டி..." என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "தாண்டல, திருக்கழுக்குன்றத்துலதான்" என்றார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மாமல்லபுரத்தில் மாமியாரின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். எல்லோரும் அந்தக் காரில்தான் போவதாக ஏற்பாடு. நான் ஸ்கூட்டரில் போய், ஒரு லோடு ஆட்டோவில் கயிறு கட்டி காரை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். மாமனார் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார்.

"எங்க போய்ட்டு வரீங்க சார்?"

"கோயிலுக்கு. சனிக்கிழமைன்னா மலைக்குப் போவேன். ஊருக்கே தெரியும்."

"நேரா வூட்டுக்கா?"

"நேரா வீட்டுக்குத்தான்."

அவர் எழுந்து போனார். முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்பக்கம் விரலால் வழித்தார். வழித்ததை நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மலை மேல கடலு எப்ப சார் வந்துச்சு?"

"அது... மழைத்தண்ணியா இருக்கும்."

"மழத்தண்ணி கரிக்காது சார்."

மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்ள, டீ வாங்கிட்டு வாங்களேன்."

"எனுக்கு டீ வேணாம்" என்றார் அவர்.

"எனக்கு வேணும்" என்றார் மாமனார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் டீ குடிப்பதில்லை.

நான் டீயோடு திரும்பியபோது இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. மாமனார் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் வாங்கிப் பழகிய மனிதருக்கே வாய் பிளந்திருந்தது.

"எவ்ளோ நேரம் சூட்டுல வைப்பீங்க?" என்று கேட்டார். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

"கடப்பாக்கத்துலேர்ந்து பொறப்பட்டா, இங்க வரத்துக்குள்ள பதமாயிடும்."

என்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்ததும் மாமனாரே முழுதும் சொன்னார். சனிக்கிழமைகளில் அவர் மலைப்பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை. நேராகக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கடப்பாக்கம் போவார். அங்கே பழைய கோட்டை ஒன்றுக்குப் போகும் வழியில் ஒரு அம்மாள் மீன் குழம்புச் சோறு போடுகிறார். அதைச் சாப்பிட்டு முடித்து நெத்திலிக் கருவாடு வாங்குவார். வீட்டில் அதைச் சுட முடியாது. அதனால் அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, என்ஜினின் மேல் சூடான இடமாகப் பார்த்துச் செருகிவிட்டு பானெட்டை மூடுவார். செங்கல்பட்டு வருவதற்குள் கருவாடு வெந்திருக்கும். ஏரிக்கரையில் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து நின்றபடி சாப்பிடுவார். போகிற வருகிறவர்கள் வண்டி மக்கர் என்று நினைத்து உதவிக்கு வருவார்களாம். அதுதான் ஒரே தொந்தரவு என்றார்.

"எத்தனை நாளா மாமா?"

"ஒன்றரை வருஷமா."

பானெட் திறந்தது. வாசனை ஒரு ஆள் மாதிரி எழுந்து வெளியே வந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் தேங்காய் நாரும் காகிதமும் என் மனைவியின் பழைய துப்பட்டாவும் சேர்த்து எலி ஒரு கூடு கட்டியிருந்தது. கூட்டின் நடுவே அலுமினியத் துணுக்குகள் மினுங்கின.

அவர் ஸ்கேனரைச் சொருகினார். மூன்றாவது சிலிண்டர் என்று காட்டியது. இரண்டாவதின் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை எடுத்து மூன்றாவதில் மாட்டிப் பார்த்தார். அப்போதும் கோளாறு மூன்றாவதிலேயே நின்றது. "காயில் மேல தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, காயிலுக்கு வரும் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். கூட்டுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. பல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. செம்பு வெளியே தெரியக் கடித்திருந்தது. ஒயரை வெட்டி ஒட்டு வைத்து, மேலே உறை போட்டார். பெட்ரோலில் நனைந்து கிடந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிது போட்டார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் சீராக ஓடியது. விளக்கும் அணைந்தது.

மாமனார் பெருமூச்சு விட்டார். "இது நம்ம மூணு பேரோட போவட்டும்."

வாக்குமூலத்தின் முகம் மாறியது. "நானா சொல்ல மாட்டேன் சார். ஆனா யாருனா கேட்டுட்டா?"

"யார் வந்து கேக்கப்போறா?"

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மாமியார் இறங்கினார். பட்டுப்புடவை, கையில் பழத்தட்டு. நேரமாகிவிட்டதென்று நேராக இங்கேயே வந்துவிட்டார்.

"வண்டி சரியாச்சா?"

"ஆச்சும்மா" என்றார் அவர். தலை நிமிரவில்லை.

"என்ன கோளாறு?"

"எலிம்மா. ஒயரக் கட்ச்சிடுச்சு."

"எலியா? எங்க ஷெட்ல எலியே கெடையாதே. எலி ஏன் வந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து முழுதும் குடித்தார். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, சரசரவென்று காருக்கு அடியில் போய்விட்டார்.

அங்கே போக ஒரு காரணமும் இல்லை. பழுது மேலே இருந்தது, அதையும் சரிசெய்தாகிவிட்டது. ஆனாலும் அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது. டங் டங்கென்று எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

மாமியார் பழத்தட்டை என்னிடம் கொடுத்தார். புடவையை ஒதுக்கிக் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"எலி ஏன் வந்துச்சு?"

"பிளக்கு பத்திக் கேளுங்கம்மா, சொல்றேன். காயில் பத்திக் கேளுங்க."

"நான் எலியப் பத்திக் கேக்கறேன்."

"அதுக்குப் பசிம்மா."

"பசிச்சா எங்க காருக்கு ஏன் வரணும்? உள்ள என்ன வெச்சிருந்துச்சு?"

சத்தம் நின்றது. மாமனார் மெல்ல நடந்துபோய் முக்காலியில் உட்கார்ந்தார். மாமியார் எழுந்திருக்கவில்லை. மண்டபத்திலிருந்து வந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் காரோடு பேசிக்கொண்டிருப்பது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

கடைசியில் அடியிலிருந்து குரல் வந்தது. "நெத்திலிம்மா."

சொல்லிவிட்டாரே, அதோடு விட்டிருக்கலாம். பாதி உண்மையில் நிற்கவும் அவருக்கு வரவில்லை.

"சுட்டது."

மாமியார் எழுந்தார். முக்காலி பக்கம் திரும்பவே இல்லை. பழத்தட்டை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். மாமல்லபுரம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கார் அன்றைக்கு ஓடியது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுகமாக ஓடியதில்லை.

பதினோரு நாள் மாமியார் மாமனாரோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வைத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் இல்லை. நாங்கள் கோபம் என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் என் மனைவி போனபோது, தூங்கிக்கொண்டிருந்த மாமனாரின் கட்டில் பக்கத்தில் மாமியார் நின்றிருந்திருக்கிறார். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு. "வாக்கு கொடுத்தது நான்டி. அது தவறினா போறது யாரு உசிரு?" என்றாராம். அன்றைக்குத்தான் எங்களுக்கும் பயம் பிடித்தது.

பன்னிரண்டாம் நாள் எனக்கு லீவு, மாமனார் வீட்டில் இருந்தோம். காலையில் வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கண்ணாடியின் செம்புக் கம்பியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன். கிரீஸ் இல்லாமல் அவர் வேறு ஆளாக இருந்தார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"அம்மா, பத்து நாளா எனுக்கு நாஸ்தா எறங்கல. ஒரு குடும்பத்த நான் பேஜாரு பண்ட்டேன்."

மாமனார் நாளிதழைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஒரு ரோசன வந்துச்சு. அத்த சொல்லத்தான் பஸ் புடிச்சு வந்தேன். வண்டிய வித்தா ஆர்சி புக்குல பேர மாத்தறோம் இல்ல? ஓட்டாத ஆள் பேர்ல வண்டி இருந்தா தப்பு. அது மாதிரி இந்த வேண்டுதலயும் என் பேருக்கு மாத்திடுங்கம்மா. சாரு பதிலா நான் கடசி வரிக்கும் கவிச்சி தொடல. கோயிலாண்ட வந்து கற்பூரம் அடிச்சு சொல்றேன். சாமிக்கு இன்னா, கணக்குக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதானே?"

நாளிதழ் மெல்லக் கீழே இறங்கியது. மாமியார் பதினோரு நாளில் முதல் முறையாக ஒரு மனிதரை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு மீன் என்றால் என்ன என்று தெரியும். அதை ஒருவர் மற்றவருக்காக விடுவதென்றால் என்ன என்றும் தெரியும்.

"உங்களுக்கு மீன் அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டார்.

அவர் நெளிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"தெரிலம்மா" என்றார். "நான் பொறந்ததுலேந்து சைவம்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து என் மனைவி ஓடினாள். சிரிப்பு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். நிறுத்த முடியவில்லை. மாமனார் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு, பதினோரு நாள் கழித்து அவரிடம் பேசினார்.

"உசிரோட இருக்கீங்க. சாமி அதப் பாத்துக்கும். போறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. வண்டியில மட்டும் சுடாதீங்க."

வந்தவர் காபி குடித்தார். உப்புமா சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். விடைபெற்று வெளியே போகும்போது மாமியார் பின்னாலேயே போனார். வாசல் கேட் பக்கத்தில் நின்று ஒரு இரண்டு நிமிடம் ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மெக்கானிக் காதைப் பொத்துவதற்காக இரண்டு கையையும் தூக்கினார். ஆனால் தாமதமாகிவிட்டது, அவர் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே வந்த மாமியார் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்து வண்டி எதையும் அவர் தொடவில்லை. "வேற ஆள பாருங்க சார்" என்பார். காரணம் சொல்லமாட்டார். மாமனார் அந்தப் பக்கம் நடந்து வந்தாலே தகரக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார். நெத்திலி விஷயத்தில் வெட்கப்படுகிறார் என்று மாமனார் நினைத்தார். என் மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது.

"அம்மா மாசா மாசம் தனியா சித்தி வீட்டுக்கு மாமல்லபுரம் போறாங்கல்ல? சித்தி வீட்ல நண்டு இல்லாத நாள் உண்டா? திரும்பி வந்தா பசியில்லன்னு படுத்துடறாங்க. கையில எலுமிச்சம்பழ வாசனை வேற." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "அதத்தான் அவர்கிட்ட சொல்லியிருப்பாங்களோ?"

"தெரியல" என்றேன்.

"அவரையே கேட்டா?"

"சொல்லிடுவாரே" என்றேன்.

ஒரே ஒரு முறை அவர் என்னிடம் மாட்டிக்கொண்டார். மாமல்லபுரம் பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இடம் என் பக்கத்து இடம். என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை.

"சார், எதுவும் கேட்டுடாதீங்க சார்."

நான் மழையைப் பற்றிப் பேசினேன். ஏரி நிரம்பினதைப் பற்றிப் பேசினேன். ரோட்டில் தோண்டிப் போட்ட பள்ளங்களைப் பற்றிப் பேசினேன். கேள்விக்குறி வரும் வாக்கியம் ஒன்றுகூட வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேசுவதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. சும்மா இருந்தோம். அந்தச் சும்மா இருத்தலை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எழுந்தார். மகள் வீடு இருக்கும் மாமல்லபுரத்துக்கு இன்னும் நாலைந்து நிறுத்தம் இருந்தது. "தேங்க்ஸ் சார்" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்தது. உச்சி வெயிலில், சாலை ஓரமாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கடலை நோக்கி வேகவேகமாக நடந்தார்.